பாஸிலா வீட்டுக் குளிர்ப் பாத்தி

பாஸிலா வீட்டுக் கொல்லையில் இரண்டு பாய் அகலத்துக்கு மண் குளிர்ந்துபோனது, அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது. பேகம்பூர் தெருக்களில் தார் உருகிச் செருப்பில் ஒட்டிய அதே வேளையில், அந்தப் பாத்தியில் கால் வைத்தவர்களுக்கு விரல் விறைத்தது. குனிந்து பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

அவள் கேட்டது குளிரை அல்ல, பூவை. கொடைக்கானலில் தங்கிய விடுதி வாசலில் அல்ஸ்ட்ரோமேரியாவைப் பார்த்திருந்தாள். லில்லி மாதிரிதான், ஆனால் இதழுக்குள் மைக்கோடுகள். பறித்துத் தண்ணீரில் வைத்தால் வாரக்கணக்கில் வாடாதாம். தோட்டக்காரர் கிழங்கு கொடுத்தார். வேரில் சூடு பட்டால் இது பூக்காது, கீழே கொண்டுபோவது வீண் என்றும் சொன்னார். பிள்ளைகள் வெளியூரில். கணவர் கிதர் முகம்மதுவுக்குத் தோல் மண்டியே உலகம். அந்த வீட்டில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது அந்தக் கிழங்கு மட்டும்தான்.

முதல் வருடம் தண்ணீர் கூடிப்போய்த் தொட்டியிலேயே பாதி அழுகியது. அடுத்த வருடம் பச்சை வலை கட்டினாள், தென்னை நார் மஞ்சி பரப்பினாள், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துவந்து அடியில் போட்டாள்; முளைத்தவை கருகின. மிச்சத்தை வடக்குச் சுவர் நிழலில் தரையிலேயே நட்டபோது செடி முழங்கால் உயரம் வந்தது, வந்து சும்மா நின்றது. தெருக்காரர்களுக்குப் பெயர் வாயில் நுழையாமல் 'அல்சர் மேரி' என்றார்கள். அல்சர் மேரி பூத்தாச்சா என்று விசாரிப்பது தெருவுக்கு ஒரு பொழுதுபோக்கானது. ஒரு நாள் பாஸிலா பொறுமையிழந்து செடி முன்னால் உட்கார்ந்தாள். "மண்ணு சூடுன்னா நீயே குளுர வச்சுக்க வேண்டியதுதான? எல்லாத்தையும் நானே செய்யணுமா?" மறுநாள் காலை மண் குளிர்ந்திருந்தது.

பூ மட்டும் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் தெருவில் பாதிப் பேரின் இட்லி மாவு அந்தப் பாத்தி ஓரத்தில் இருந்தது. பின்னால் பால் கேனும், யாருடையதோ சர்க்கரை வியாதி ஊசி மருந்தும் வந்தன. பூ மார்க்கெட் பொன்னுத்துரை விற்காத மல்லிகையைக் கூடையோடு இறக்கிவைத்துவிட்டுப் போவார். தன் செடி பூக்காத பாத்தியில் அடுத்தவர் மல்லிகை மணக்கும்போது பாஸிலாவுக்கு வயிறு எரிந்தது. கொல்லைக் கதவைப் பூட்டிப் பார்த்தாள். சுவர் வழியாகக் கயிறு கட்டித் தூக்குவாளிகளை இறக்கினார்கள். கணவரிடம் முறையிட்டாள். நாலு பேருக்குப் பிரயோசனமாக இருக்கிறதே என்றார் அவர். நாலு பேரில் தான் ஒருத்தி இல்லையா என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த கோடையில் பக்கத்து வீட்டு ஒச்சப்பன் ஒரு மத்தியானம் இறந்துபோனார். மகள் மணிமேகலை சிங்கப்பூரிலிருந்து வர மறுநாள் சாயங்காலம் ஆகும். டிரான்ஸ்பார்மர் எரிந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டி கொண்டுவந்தும் உபயோகமில்லை. ஒச்சப்பனின் மனைவி சண்முகவள்ளி நேரே பாஸிலாவிடம் வந்து நின்றார்.

"மணி வந்து அவ அப்பா மொகத்தப் பாக்கணும்த்தா. ஒன் செடி இருக்குற எடத்துல செத்த நேரம் கெடத்திக்கட்டுமா?"

அந்தப் பாத்திக்காக யாரும் அவளிடம் அனுமதி கேட்டது அதுவே முதல்முறை. தண்டு நுனிகள் அந்த வாரம்தான் தடித்திருந்தன. மொட்டு என்று நம்பியிருந்தாள். குளிரோ கணுக்காலுக்கு மேலே ஏறாது, செடி மேலேயேதான் கிடத்த வேண்டும். பாஸிலா கொல்லைக்குப் போய்ப் பாத்தி ஓரத்து மாவுச் சட்டிகளை நகர்த்தினாள். பிறகு, "தூக்கிட்டு வரச் சொல்லுங்கக்கா" என்றாள்.

மணிமேகலை வந்தபோது ஒச்சப்பன் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். மீசையில் மெல்லிய பனி படிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போனபின் பாத்தி பாய் போலத் தட்டையாகக் கிடந்தது. பாஸிலா நசுங்கிய நுனிகளைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே இலைதான், மொட்டே இல்லை. அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்து மணிமேகலை நன்றி சொல்ல வந்தாள். வாடிய தண்டுகளைப் பார்த்து மனசு கேளாமல், சுத்தம் செய்து தருகிறேன் சித்தி என்று உட்கார்ந்தாள். இந்தச் செடியை வெட்டக் கூடாது, தண்டைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றாள் பாஸிலா, வேறெங்கோ பார்த்தபடி. தோட்டக்காரர் சொல்லியிருந்தார்; இதுவரை பிடித்து இழுக்க ஒரு பூவும் வந்ததில்லை. மணிமேகலை இழுத்தாள். தண்டோடு மண்ணுக்குள்ளிருந்து கொத்தாகப் பூ வந்தது. இளஞ்சிவப்பு, இதழுக்குள் மைக்கோடுகள், தொட்டால் ஐஸ்.

அடுத்த தண்டிலும் பூ. அதற்கடுத்ததிலும். இலையையே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும் செடி அது. பூவையும் அப்படியே தலைகீழாக மண்ணுக்கடியில் வைத்திருந்தது. தோண்டத் தோண்டப் பழைய பூக்களும் வாடாமல் இருந்தன.

"இம்புட்டு நாளும் பூத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கு," என்றாள் பாஸிலா. அவள் குரலில் சந்தோஷத்தைவிடக் கோபமே அதிகம். அன்று சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மறுநாள் ஊற்றினாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள் பூப் பிடுங்குகிறாள். சண்முகவள்ளி வீட்டுக்கு ஒரு கொத்து போகும். மாவு வைக்க வருகிறவர்கள் பூக் கேட்டால், சும்மா கிடையாது, குழாயடியில் நீங்களே மண்ணைக் கழுவிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்பாள்.