இன்ஜின் சூட்டில் உருகிய 73939133

பஸ் இன்ஜின் மூடியின் மேல் கேக்கை வைத்தது ராஜசேகர்தான்; பழிபோட வேறு ஆள் கிடையாது. மார்கழிக் குளிரில் மலைக்காரர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். கையோ, சாப்பாட்டுத் தூக்கோ, எதுவானாலும் டிரைவர் பக்கத்துச் சூட்டு மூடியில் வைத்துவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பார்கள். கேக்குக்கும் குளிருமே என்று இவருக்கொரு கருணை.

எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், மேலே எழுதியிருந்த 73939133-இல் 73939 மட்டும் மிச்சம். கடைசி மூன்று இலக்கமும் ரோஸ் நிறக் கஞ்சியாகக் கிடந்தன. "போன் நம்பர்னா ரெண்டு கொறையுதே சார்?" என்று குன்னூர் பேக்கரி ஜெஸிந்தா கேட்டபோது, "என் சம்சாரத்துக்குப் பிடிச்ச நம்பரும்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தவர் இவர்.

மனைவியின் பிறந்தநாள் ஒரு சாக்கு. வெலிங்டன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் மாலதியைக் கோயம்புத்தூர்க் கல்லூரியொன்று வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவாளா, மாட்டாளா? கேட்ட போதெல்லாம் "பாக்கலாமுங்க" என்று நழுவினாள். தனக்குப் பிடித்த எண்ணைக் கேக்கில் பார்த்தால் மனசு இளகி இங்கேயே இருந்துவிடுவாள் என்பது எஸ்டேட் சூப்பர்வைசர் ராஜசேகர் போட்ட திட்டம். இளகியது ஐஸிங்தான்.

மாலதி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டு விழும் என்று நின்றவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, இது கெடவே இல்லீங்க! முழுசா இருந்தப்ப பகா எண். ஒண்ணையும் தன்னையும் விட்டா எதாலயும் மீதியில்லாம வகுபடாது. இப்ப மிஞ்சின 73939-உம் அப்படித்தான்."

கத்தியை எடுத்து வலது ஓரத்து 9-ஐ வெட்டி அவர் கையில் வைத்தாள். "7393. இதுவும் பகா எண்." அடுத்த துண்டு. "739." இன்னொன்று. "73." கடைசியில் 7 தனியாக நின்றது. "இதுவுந்தான். வலப்பக்கமிருந்து எத்தனை வெட்டினாலும் அது அதாவே இருக்கும்."

"அப்ப நான் பண்ணினது நல்ல காரியம்" என்றார் வாய் நிறையக் கேக்கோடு. "சரி, உருகாத முழு நம்பரோட கடைசியில இன்னொரு இலக்கம் சேத்தா?"

"அதாங்க வருத்தம். எதைச் சேத்தாலும் வகுபட்டுப் போயிரும். இந்த மாதிரி எண்ணுல இதுதான் பெருசு. இதுக்கு மேல வளராது."

"நம்ம தேயிலை மாதிரின்னு சொல்லு. வெட்ட வெட்டத் தாங்குது."

மாலதி கத்தியைத் துடைத்தாள். "தேயிலை அப்படியில்லீங்க. வெட்டிக் கவாத்து பண்ணாம விட்டா மரமா வளரும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னவர்தான். கல்யாணமான புதிதில், தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோது. இடுப்பளவுக்கு மேல் ஒரு செடியையும் விடாமல் வெட்டவைப்பதே அவர் உத்தியோகம். ஜன்னலுக்கு வெளியே அவை மட்டமாக, ஒழுங்காக நின்றன. வாயில் தயாராயிருந்த அடுத்த கேலியை விழுங்கினார்.

"மாலதி, நான் கேலி பண்ண மாட்டேன். சுத்தி வளைக்காமச் சொல்லு. போறியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போறேனுங்க. என்னைப் பாக்க வர்றப்ப இன்ஜின் மேல மட்டும் எதையும் வெச்சுக் கொண்டாராதீங்க."