வளர்ற புள்ளைக்கு ஒரு துப்பாக்கி

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கிப் பழக்கமில்லை. அப்பா தையல்காரர். ஊருக்கெல்லாம் உடம்போடு ஒட்டினாற்போல் தைத்துக் கொடுப்பவர், எனக்கு மட்டும் "வளர்ற புள்ள" என்று சொல்லித் தாராளமாகத் துணி விட்டுவிடுவார். என் பள்ளிச் சீருடைக்குள் என்னோடு இன்னொருத்தியும் குடியிருக்கலாம். செருப்பு முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். துப்பாக்கி விஷயத்தில்தான் பொறுமை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பில் துப்பாக்கி சுடும் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் பழகிவந்த கிளப் ஏர் ரைஃபிள் பழுதாகிவிட்டது. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் பெயர் கொடுக்கலாம் என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா மறுபேச்சு பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குக் கிளம்பினார். அதுவரை நல்ல அப்பா. போகிற வழியில் மாமாவையும் ஏற்றிக்கொண்டார், அங்கேதான் வினை. மாமா அம்மாவின் தம்பி. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

கடைக்காரம்மா வாயைத் திறப்பதற்குள், சுவரில் இருந்ததிலேயே பெரியதை மாமா காட்டினார்.

"அதை எடுங்க. வெயிட்டா இருந்தாத்தான் ஆடாது."

அப்பா வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தார். "அம்சமா உக்காருது!" என்றார். உட்காராமல் என்ன செய்யும்?

"சுடப்போறது யாருங்க?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

அப்போதுதான் இருவருக்கும் என் ஞாபகம் வந்தது. அப்பா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் கையை அளந்தார். துப்பாக்கியையும் அளந்தார். "கொஞ்சம் நீளந்தான். வளர்ற புள்ள, சரியாப் போயிடும்."

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஒரு நீளமான அறை இருந்தது. போய் நின்றேன். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. விரல் எட்டினால் கட்டை கக்கத்துக்குள் போனது. கனம் தாங்காமல் குழல் இப்படியும் அப்படியும் ஆடியது. எப்படியோ இரண்டு முறை சுட்டேன். எதிரே இருந்த குறி அட்டையின் ஓரத்தில் ஒரே ஓர் ஓட்டை.

மாமா கைதட்டினார். "பாத்தீங்களா மச்சான், ரெண்டும் ஒரே ஓட்டையில போயிருக்கு!"

கடைக்காரம்மா பக்கத்துப் பலகையைக் காட்டினார். இரண்டாவது குண்டு அங்கே இருந்தது.

பிறகு உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். குட்டையானது, இலேசானது, பளபளப்பே இல்லாதது. கட்டையின் பின்னால் செருகியிருந்த தகடுகளில் சிலவற்றைக் கழற்றி நீளத்தைக் குறைத்தார். "வளந்தப்புறம் திரும்ப மாட்டிக்கலாம்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "ஒட்டுப் போட்டதா? என் பொண்ணுக்கு வேண்டாம்."

அதற்குள் நான் அதைத் தோளில் வைத்துவிட்டேன். கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கன்னம் தானாகக் கட்டையில் போய்ப் படுத்தது. சுட்டேன். குண்டு அட்டையின் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. இன்னொன்றும் அதற்குள்ளேயே விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு," என்றார் மாமா. "நாளைக்கே சின்னதாயிடும். பெருசையே கட்டச் சொல்லுங்க மச்சான்."

அப்பா பெரியதை நோக்கிக் கையை நீட்டினார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை சுடப்போறது நான்ப்பா. வளந்தப்புறம் வரப்போறாளே, அந்தப் பொண்ணு இல்ல. எப்பப் பாத்தாலும் அவளுக்கே வாங்குறீங்க. எனக்குன்னு எப்பப்பா வாங்குவீங்க?"

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கடைக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல. நீட்டிய கை மெல்ல இறங்கியது.

"இவளுக்கு இப்ப எது சரியோ அதையே குடுங்கம்மா," என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கும் ஒழுகியது. துடைக்க வேண்டுமென்றால் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். நான் வைப்பதாக இல்லை.