தூரிகை முனையில் சிவப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. என் மூக்கின் மேலிருந்த மருவை அங்கிருந்தவர் நான் கேட்காமலேயே அழித்துக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துத் தொலைத்ததே என்ற எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஜன்னல் வழியே வந்த மாலை வெயில் அந்த ஓவியரின்..."

(வேண்டாம். ஓவியர் என்றாலே வெயிலைக் கூட்டி வந்துவிடுகிறோம்.)

2

ஆளை எதிரே உட்கார வைத்து வரைந்து பிழைப்பவர் அவர். யாரும் கேட்காமலே தழும்பை மறைப்பார். வழுக்கையில் நாலு முடி நடுவார். வந்தவர்கள் வாயெல்லாம் பல்லாகப் போவார்கள். கை அதற்கே பழகிவிட்டது.

இன்று எதிரே இருப்பது மகள். ஏழு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை சிவந்த மச்சம், பிறவியிலேயே வந்தது.* வகுப்பில் இடது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படிதான் உட்காருகிறாள் என்று ஆசிரியை சொன்ன அன்றே, அவளை உள்ளது உள்ளபடி வரைந்து கூடத்தில் மாட்டுவதென்று ஓவியர் முடிவு செய்தார்.

(* முதலில் வலது கன்னம் என்று எழுதியிருந்தேன். எனக்கு மாற்றுவது எவ்வளவு சுலபம், பாருங்கள்.)

3

"உதடு முடிஞ்சுது. இனி நீ பேசலாம்" என்று காலையில் அவர் சொன்னதுதான் தப்பு. வாலுவின் வாய் ஓயவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தபடியே கன்னத்தைப் போட்டார்.

"முடிஞ்சுதாப்பா? கழுத்து வலிக்குது."

இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். இடது கன்னம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பழகிய கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"நான் வந்து பாக்கட்டுமா?"

"இரு கண்ணு. ஈரமா இருக்கு."

அவசரமாகச் சிவப்பைக் குழைத்துத் தூரிகையில் எடுத்தார்.

[இந்த இடத்தில் மின்சாரம் போவதாக எழுதினேன். கோழைத்தனம். அடித்துவிட்டேன்.]

அதற்குள் வாலு நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்துவிட்டாள்.

4

"இது நான் இல்ல" என்று அழுவாள், அப்பா கட்டிக்கொள்வார், நாமும் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதியும் பார்த்தேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

படத்தையே பார்த்தாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அப்பா, உனக்கு நான் இப்படித்தான் தெரியறேனா?"

முகமெல்லாம் மலர்ந்து கேட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு அவர் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தாள்.

"அந்தச் சிவப்பு எதுக்குப்பா?"

5

உதட்டுக்கு என்று சொல்லலாம். ஆனால் உதடு காலையிலேயே முடிந்தது அவளுக்குத் தெரியும்.

உன் மச்சத்துக்கு என்று சொல்லலாம். சொன்னால்—

என்னைக் கேட்காதீர்கள். மரு இல்லாத அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவன் நான். என் பதில் செல்லாது. உங்கள் பிள்ளை என்று வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.