மூன்றாவது மதிப்பெண்

இலவசம் என்றால் உலகமே வரிசையில் நிற்கும். நகரத் திட்டமிடல் பற்றிய அந்த இணைய வகுப்பு பல்கேரிய மொழியிலும் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். இரண்டாம் வாரமே பாதிப் பேரைக் காணோம். கடைசியில் வகுப்பின் கேள்வி-பதில் பக்கத்தில் நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பல்கேரியாவில் எங்கள் ஊரும் அப்படித்தான். இளசுகள் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போயாயிற்று. எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் விளக்கெரிவது என் வீட்டிலும் கீழ்வீட்டு வர்பான் வீட்டிலும்தான்.

இறுதிப் பாடமாக எங்கள் தெருவுக்கு ஒரு திட்டம் வரைந்தேன். நிறைய பெஞ்சுகள், மரங்கள், நடுவில் குடிநீர்க் குழாய். வாத்தியார் திருத்த மாட்டார், இலவசத்துக்கு அவ்வளவுதான். கூடப் படிக்கிற மூன்று பேர் மதிப்பெண் போட வேண்டும்; ஒருவர் ஐந்துக்குக் கீழே போட்டாலும் தேர்ச்சி இல்லை. இரண்டு பேர் பத்துக்குப் பத்து போட்டு "அருமை" என்றிருந்தார்கள். தவறுதலாக என் முட்டைக்கோஸ் ஊறுகாய்க் குறிப்பையும் நடுவில் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதுவும் அருமையாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மூன்றாவது ஆள் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையோடு வகுப்பை மூடிவிடுவார்கள். ஸ்பெயினில் ஸரகோஸா நகரத்தில் இருக்கும் மகள் நெவேனாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நீயாவது சேர்ந்து மார்க் போடேன்."

"ரெண்டு ஷிஃப்ட் பாக்குறேம்மா. இந்த வயசுல பாஸ் பண்ணி என்ன பண்ணப்போற?"

நான் செய்ததை யாராவது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லாமல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று போனை வைத்தேன்.

வேறு வழியின்றி வர்பானிடம் போனேன். தன் கராஜ் வாசலில் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்.

"நான் படிச்சு மேயரா ஆகப்போறேன்?"

"ஆகுங்கண்ணே. ஓட்டுப் போட நான் ஒருத்தி இருக்கேன்ல."

முனகிக்கொண்டே சேர்ந்தார். தன் பங்குக்கு எதையோ வரைந்து அனுப்பினால்தான் அடுத்தவருக்கு மதிப்பெண் போட விடுவார்கள். அதையும் செய்தார்.

ஞாயிறு மத்தியானம் வந்தது மூன்றாவது மதிப்பெண். போட்டவர் பெயர் இல்லை. பத்துக்கு இரண்டு. தேர்ச்சி இல்லை. கீழே நீளமாக எழுதியிருந்தது: "பெஞ்சு வரைந்த இடத்தில் ஒருவருடைய கராஜ் இருக்கிறது. யாரைக் கேட்டு இடித்தீர்கள்? குழாய் ஜனவரியில் உறைந்துவிடும். இத்தனை பெஞ்சில் உட்கார ஆள் எங்கே? ஊறுகாய்க்கு உப்பு அதிகம்."

தடதடவென்று படியிறங்கினேன்.

"ரெண்டு மார்க்கா போடுவீங்க?"

"நான்தான்னு யார் சொன்னா? பேருதான் வராதே."

"உப்பு அதிகம்னு வேற எவன் எழுதுவான்?"

அவர் மிளகாயைத் திருப்பிப் போட்டார். எனக்குத் திட்ட வந்தது மறந்துபோனது.

"முழுசாப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை. பெஞ்சையெல்லாம் எண்ணிக்கூடப் பாத்தேன்."

கவிழ்த்து வைத்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்காக இல்லை.

"அழாத ஸ்தோய்கா. அடுத்த தடவை கராஜை விட்டுட்டு வரை."

"அப்பவும் நீங்கதான் படிக்கணும்."

அவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"வேற யாரு இருக்கா?"