வலிக்காத குத்து

1.

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து சுட்டேன். கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் கூம்பு நத்தைகளுக்கு மீன் போட்டு, அவற்றிலிருந்து விஷம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு நத்தையும் விரல் நீளம்தான் இருக்கும். ஓட்டின் அழகுக்கு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். போட்டவன் கதை அதோடு முடிந்தது. [கொஞ்சம் சினிமாத்தனம். இருக்கட்டும்.]

அக்கா நன்றாக இருக்கிறாள். அந்தத் திகிலை வைத்து உங்களை இழுத்தடிக்க மாட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'சுருக்கென்று ஏதோ குத்தியது. அவள் அலறிக்கொண்டு—'

அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். மோசமான இனம் குத்தினால் பல சமயம் வலியே தெரியாதாம். முதலில் மரத்துப்போகும், பிறகு மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. அதற்குள் ஆஸ்பத்திரி போய் மூச்சுக்கு மெஷின் மாட்டினால் உயிர் உண்டு.

'சுருக்'கை அடித்துவிட்டேன்.

3.

நடந்தது இதுதான். மதியம், கூடத்தில் வேறு யாரும் இல்லை. கண்காட்சிக்கான வெற்று ஓடுகளை ஒரு தட்டில் போட்டு 'காலி' என்று எழுதி ஒட்டியிருந்தாள். சொந்தக் கையெழுத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கையுறையைக் கழற்றிவிட்டுக் கழுவ உட்கார்ந்தாள். ஓட்டுக்குள் சுருண்டிருந்த ஒரு நத்தையைச் செத்ததென்று அதில் போட்டவளும் அவளேதான்.

ஆறாவது ஓட்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டு, விரலைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. தொட்டதா, குத்தியதா? விரலில் ஒன்றும் தெரியவில்லை. வலிக்காததுதான் மோசம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அந்த இருபது நிமிடத்துக்கு அவள் கூப்பிட்டது என்னை.

4.

இங்கே கதை நொண்டுகிறது. ஒரு முடிவில் தம்பி அழுகிறான். இன்னொன்றில், "நான் இருக்கேன்க்கா, பேசிட்டே இரு" என்கிறான். அந்தத் தம்பியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் மூன்று பக்கம் வளர்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, குத்தவில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள் என்பதையும் அதில் சேர்த்திருந்தேன். அது நிஜம். மற்றதைப் படித்துவிட்டு அக்கா சொன்னாள்:

"என்னை எப்படி வேணா எழுதிக்கோ. போன்ல பேசினதை மட்டும் பேசினபடியே எழுது."

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஏழு வாரம் ஆகிறது. நானாகக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது.

5.

சரி, பேசினபடியே.

"டேய், நத்தை குத்திருச்சோ என்னமோ தெரியல. பயமா இருக்குடா."

"ஒரு நிமிஷம்க்கா. பேனா எடுத்துக்கறேன்."

இதற்கு அடுத்த வரியை எப்படி எழுதினால் அவள் என்னோடு பேசுவாள்? எனக்கு வரவில்லை. உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால் நீங்கள் எழுதிப் பாருங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

"அக்கா,