உரியாத கறுப்புப் பூச்சு

காற்றின் விலை எந்தச் சந்தையிலும் சுழியம்தான். அதை உள்ளே அழைக்கிற கதவுக்குத்தான் ஒரு குடும்பமே விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கதவின் பெயர் கேத்தோடு. திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம் என்பது எரிவாயுவைத் தீயில்லாமல் மின்சாரமாக்கும் பீங்கான் தகடு. அதன் ஒரு முகத்தில் பூசுகிற கறுப்புப் பூச்சுதான் கேத்தோடு. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து உள்ளே அனுப்பும். ஊரார் பூச்சு எண்ணூறு டிகிரியில்தான் கண் விழிக்கும். இந்த வீட்டு இளைய மருமகள் உருவாக்கிய பூச்சோ அறுநூற்றைம்பதிலேயே வேலைக்கு வந்துவிடும். ஒரே குறை, சூட்டில் தகட்டைவிட அதிகமாக விரியும். ஆறும்போது செதில் செதிலாக உரியும்.

"மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான். வீடுதான் தங்கமாட்டான்" என்று அந்தப் பூச்சைக் கேலி செய்வாள் மூத்த மருமகள்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஆண்களின் டைல்ஸ் கிடங்குப் பின்னறைதான் ஆய்வுக்கூடம். இளையவள் வேதியியல் படித்தவள். வியாபாரக் குடும்பத்து மூத்தவள் சரக்கு பிடித்து, பொடி அரைத்து, உலையைத் திட்டுபவள். இந்த முறையும் உரிந்தால் அறை மறுபடி டைல்ஸுக்கு என்று ஆண்கள் தீர்ப்புச் சொல்லியாயிற்று.

பலமுறை சூடேற்றி ஆற்றிய தகட்டை இளையவள் வெளியே எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள். ஒட்டுநாடாவை அழுத்திப் பிய்த்தாள். நாடா சுத்தமாக வந்தது.

"அக்கா, உரியல!"

"நாடாவுல பசை இருந்துச்சான்னு பாரு."

மின்சாரத்தையும் அளந்தாள். முன்பைவிடக் கூடுதல். மகிழ்ச்சியோடு சந்தேகமும் வந்தது.

"அதே பொடி, அதே உலை. என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"அக்கா!"

"தகடு செய்யுற பொடியை அரைச்ச ஜாடியை ஸ்பிரிட் ஊத்திக் கழுவச் சொன்னியே... அடியில அப்பிக்கிட்டு கிடந்துச்சு. தங்கமாட்டம் விலை. கொட்ட மனசு வரல. அதுலயே கறுப்புப் பொடியைப் போட்டு அரைச்சுட்டேன். மூட்டையை உதறாம மடிக்கிறவன் வியாபாரியான்னு எங்கப்பா கேப்பாரு."

திட்ட வாய் திறந்த இளையவளுக்குச் சட்டென்று விளங்கியது. தகட்டுப் பொடி கலந்ததால் பூச்சும் தகட்டோடு ஒத்து விரிகிறது. ஆக்சிஜன் நடக்கவும் கூடுதல் பாதை.

"இப்படிக் கலக்குறது உண்டுக்கா. நம்ம பொடி சுத்தமா இருக்கட்டும்னு நான்தான் ஒதுக்கிட்டேன்."

"கலப்படம் பண்ணினா எங்க தெருவுல கடையை மூடுவாங்க. உங்க ஆளுங்க பட்டம் குடுப்பாங்க போல!"

"எவ்வளவு ஒட்டியிருந்துச்சு? அது தெரியாட்டி அடுத்தது மறுபடி உரியும். அறை போச்சு."

மூத்தவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். அரவை எந்திரம் பொடியைத் திருடுகிறது என்பது அவளுடைய நெடுநாள் புகார்; அதனால் போட்டதையும் எடுத்ததையும் எப்போதும் நிறுப்பாள்.

"அறுபது கிராம் போட்டேன், எண்பத்திநாலு வந்துச்சு. திருடன் திருந்திட்டான்னு சந்தோஷப்பட்டேன்டீ!"

ஒட்டியிருந்தது இருபத்திநாலு கிராம்; மொத்தக் கலவையில் கால் பங்குக்குச் சற்று மேல். அந்த அளவில், கழுவித் துடைத்த ஜாடியில், புதிதாக அரைத்து, இன்னொரு தகட்டில் பூசி, சூடேற்றி ஆற்றினார்கள். ஆண்கள் இருவரும் வந்து மாறி மாறி நாடாவைப் பிய்த்துப் பார்த்தார்கள். உரியவில்லை. வாசலில் காத்திருந்த டைல்ஸ் பெட்டிகளை வேறிடத்துக்குத் தூக்கினார்கள்.

வரவு: உரியாத தகடு இரண்டு, அறை ஒன்று. செலவு: ஒட்டுநாடா ஒரு சுருள். கழுவாத ஜாடிக்காக மூத்தவள் கேட்க வேண்டிய மன்னிப்பும், ஒதுக்கிய கலவைக்காக இளையவள் கேட்க வேண்டிய மன்னிப்பும் ஒன்றுக்கொன்று நேர். கணக்கு சரி.