ஏழாவது அத்தியாயம்

"எந்தப் பக்கம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்குச் சிக்க மாட்டேங்குது" என்று பெயிண்டர் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். விழாவுக்கென்று தேய்த்த சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழக வரலாற்றுத் துறை அந்த ஆண்டு கொண்டுவந்த புத்தகங்களை அரங்க வாசலில் நீள மேசை போட்டு அடுக்கியிருந்தார்கள். பழைய துறைமுகங்கள் பற்றி ஒன்று, நாணயங்கள் பற்றி ஒன்று, கொள்ளைநோய்க் காலம் பற்றித் தலையணை கனத்தில் ஒன்று. எழுதியவர்கள் அவரவர் புத்தகத்தைப் பெற்ற பிள்ளைபோல் அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புத்தகத்துக்கு மட்டும் பக்கத்தில் ஆள் இல்லை. சட்டம் போட்ட புகைப்படம் இருந்தது. அதில் அவள் கணவர், யாரோ சொன்ன ஜோக்குக்குப் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்ட முகத்தோடு.

இந்த நகரத்தின் நிலம் எப்படிக் கைமாறியது என்று பத்து வருஷம் அலைந்து எழுதினார். எழுதி முடித்த மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புத்தகமாக்கும் வேலையை அவருடைய நண்பர், இப்போதைய துறைத் தலைவர், தானே எடுத்துக்கொண்டார். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கே வந்து ஒப்புதல் வாங்கினார். "சின்னச் சின்னத் திருத்தம்தான் தங்கச்சி." ஈயக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டாள். "நீங்க பாத்தா அவர் பாத்த மாதிரிதான் அண்ணா" என்றும் சொன்னாள்.

"எங்கம்மா பேசுனதைப் பேரோட போடுறேன்னு உங்க வீட்டுக்கார சார் சொன்னாரு" என்றார் பெயிண்டர். "அதுக்கு இப்போ கண்ணு தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும். காலைல இருந்து நச்சரிக்குது."

"ஏழாவது அத்தியாயம்" என்றாள் அவள் யோசிக்காமல். சமையலறையில் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு அவள் கணவர் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார். இந்தப் பல்கலைக்கழகம் எழும்புவதற்கு முன் இதே இடத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது; ஒரு மழைநாளில் சாமான்களைத் தெருவில் எறிந்துவிட்டுச் சுவர்களை இடித்தார்கள். பெயிண்டரின் அம்மா அன்று ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கதவுமாக நடந்தவர். கதவை ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டதற்கு, "கதவு இருந்தா வீடு வந்துரும்னு நெனச்சேன்" என்றாராம். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிப்பார். குழம்பு தீய்ந்துபோகும்.

ஆறாவது முடிந்த பக்கத்தைத் திருப்பினாள். முடிவுரை. தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. பொருளடக்கத்துக்குப் போனாள். அங்கேயும் ஆறுதான்.

"இருக்காம்மா?" என்றார் பெயிண்டர்.

அதற்குள் ஒலிபெருக்கியில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

துணைவேந்தர் முதல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு புகைப்படக்காரரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். துறைத் தலைவர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார்: "என் நண்பன் எழுதிய ஒவ்வொரு வரியையும் கண்ணின் மணிபோலக் காத்து..."

"ஏழாவது அத்தியாயம் எங்க அண்ணா?"

மேடை ஏறிய அவள் கேட்டது மைக்கில் கணீரென்று விழுந்தது. அவர் சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினார். "அப்புறம் பேசலாம் தங்கச்சி" என்றார் பல்லுக்குள். துணைவேந்தர் புத்தகத்தை இன்னும் நீட்டிக்கொண்டே, "வாங்கிக்கங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

"பாக்கட்டும் சார். நீங்க இடம் புடிச்ச கதையை அவர் எழுதியிருந்தாரு. அதைக் காணோம்."

முன்வரிசையில் மற்ற நூலாசிரியர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து அரசு கொள்ளைநோய்ச் சாவுகளை எப்படி மறைத்தது என்று நானூறு பக்கம் எழுதிய அம்மாள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தை வாங்காமலே இறங்கினாள்.

தாழ்வாரத்தில் துறைத் தலைவர் ஓடிவந்து மறித்தார். மூச்சு வாங்கியது.

"அந்த அத்தியாயத்தோட இவங்க அச்சடிக்க மாட்டாங்க. ஒண்ணை விட்டாத்தான் மத்தது வரும். அவன் பேரு நிக்கணும்னுதான் செஞ்சேன்."

"பேரு நிக்குது. ஆளைத்தான் காணோம்."

"நீ கோவத்துல பேசுற..."

"ஆமா, கோவத்துலதான் பேசுறேன். எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்களே அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேற இடத்துல அச்சடிப்போம், இல்ல அச்சடிக்கவே வேணாம்னு நான் சொல்லியிருப்பேன். கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்கல? அவர் செத்தாரு, சரி. செத்தவர் வாயையும் பொத்துனது நீங்க."

அவர் கண் கலங்கியது. அது அவளை இன்னும் எரித்தது. அழுகிற வேலையையும் இவரே எடுத்துக்கொண்டால் எப்படி? விலகி நடந்தாள்.

பெயிண்டர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "மேடைல நீங்க கேட்டதைக் கேட்டேன்" என்றார். "நான் அம்மாகிட்ட என்னத்தைச் சொல்ல?"

"உங்க வீடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் கையை நீட்டினார். நூலகம்.

உள்ளே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசை மேசையாகக் குனிந்திருந்தார்கள். பெயிண்டர் தயங்காமல் நடந்தார்; போன வருஷம் இந்தச் சுவர்களுக்கெல்லாம் அவர்தான் பெயிண்ட் அடித்தார். நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, "இந்த எடந்தான்னு அம்மா ஒரு தடவை வந்து காட்டுச்சு" என்றார்.

எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கணவர் அனுப்பிய பிரதி அவள் செல்ஃபோனில் இருந்தது. தேடி எடுத்தாள். பெயிண்டர் தன் ஃபோனில் வீட்டைக் கூப்பிட்டு, "அம்மா, காதுல வச்சுக்க" என்று சொல்லி அவளை நோக்கி நீட்டிப் பிடித்தார்.

ஏழாவது அத்தியாயத்தை அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் குரல் உடைந்தது. பிறகு கோபமே அதைத் தூக்கி நிறுத்தியது. குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நூலகர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். அவள் நிறுத்தாமல் அடுத்த பத்திக்குப் போனாள். பெயிண்டர் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு, நூலகர் வரும் வழியை மறித்து, ஃபோன் பிடித்த கையைத் தாழ்த்தாமல் உட்கார்ந்தார்.